முழுங்கச் சொல்லாத டீச்சரம்மா

அவர் யாருக்கும் கெடுதல் நினைத்தவர் இல்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். நானும் சொல்வேன். என் கோபம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. கெட்டவராக இருந்திருந்தால் ஒருநாள் வாசலில் நின்று சண்டை போட்டுவிட்டு அதோடு விட்டிருப்பேன்.

பெயர் எழுதமாட்டேன். புவனகிரியிலிருந்து உள்ளே போகிற ஊர் எங்களுடையது. அங்கே பால்வாடியில் வேலை பார்த்தார். தெருவே அவரை டீச்சரம்மா என்று கூப்பிட்டது. நானும் என் தங்கை பிரியாவும் அவர் கையால் சத்துமாவு உருண்டை வாங்கித் தின்று வளர்ந்தவர்கள்தான். ஒல்லியான உடம்பு. அவசரமே இல்லாத நடை. சிரித்தால் சத்தம் வராது.

யார் வீட்டுக்கும் அவர் வாசல் வழியாக வந்து நான் பார்த்ததில்லை. தோட்டத்துப் பக்கமாக வந்து, துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்று, "வீட்ல யாரு?" என்பார். அதுவும் பக்கத்தில் இருக்கிற கோழிக்குக்கூடக் கேட்காத குரலில். வாசல் வழியாக வந்தால், டீச்சரம்மா எதற்கு அந்த வீட்டுக்குப் போகிறார் என்று தெரு பேசுமாம். சில நாள் கறிவேப்பிலை கேட்கத்தான் வந்திருப்பார். அதையும் ரகசியம் போலத்தான் கேட்பார்.

எல்லா வீட்டுக்கும் கறிவேப்பிலைக்காக வரவில்லை. எந்த வீட்டில் எது நடந்தாலும் முதலில் அவருக்குத் தெரிந்துவிடும். அவரைத் தாண்டி வெளியே போகாது. பேசி முடித்து எழுந்திருக்கும்போது, "இது நமக்குள்ளயே இருக்கட்டும்" என்பார். கோணி மூட்டையைத் தைத்து முடித்து நூலை வெட்டுகிற மாதிரி இருக்கும் அந்த வார்த்தை. அதற்கப்புறம் அந்த விஷயம் ஊரில் இல்லை.

புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு தாய்வீட்டுக்கு வந்துவிட்ட பெண்ணை, "காதுகுத்துக்கு வந்திருக்கு, அப்புடியே ரெண்டு நாளு இருக்கட்டுமேன்னு நாந்தான் சொன்னேன்" என்று தெருவில் சொல்லிவைப்பார். அந்தப் பெண்ணும் அம்மாவும் பேசி, சமாதானமாகி, திரும்பிப் போக அது இடம் கொடுத்தது. பன்னிரண்டாவதில் பெயிலான பையன் ஒருவன் வெள்ளாற்றுப் பக்கம் போய் உட்கார்ந்திருந்தபோது, யாருக்கும் சொல்லாமல் அவர் மட்டும் போய் அழைத்து வந்தார். நான் பள்ளிக்கூடத்தில் பெரியவளானபோது, வகுப்பிலிருந்து என்னைக் கூட்டிவந்தது அவர்தான். வழி முழுக்க எனக்குப் பின்னாலேயே ஒட்டி நடந்து வந்தார், யாரும் என் முதுகுப் பக்கம் பார்க்காதபடி. நான் அழுதுகொண்டே நடந்தேன். "ஒண்ணுமில்லடி, ஒண்ணுமில்லடி" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அந்தக் குரலை இப்போது நினைத்தாலும் எனக்கு அழுகை வரும். அதையும் எழுதிவிடுகிறேன்.

எங்கள் தெருக் கடைசியில் ஒரு அக்கா இருந்தார். அவர் புருஷன் குடித்துவிட்டு அடிப்பான். மறுநாள் முகம் வீங்கியிருக்கும். "கொழாயடியில வழுக்கி வுழுந்துட்டா" என்று டீச்சரம்மா எல்லாரிடமும் சொல்வார். அந்த அக்காவுக்கு மானம் போகக்கூடாது என்றுதான் சொன்னார். அந்த அக்கா வருஷக்கணக்கில் வழுக்கி விழுந்துகொண்டே இருந்தார். அவன் கையை யாரும் பிடிக்கவில்லை. பிடிக்க வேண்டிய தேவையே யாருக்கும் வரவில்லை. அவர்தான் வழுக்கி விழுந்தவராயிற்றே.

இனி மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன்.

நாங்கள் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் வருஷத்துக்கு ஒருமுறை யானைக்கால் மாத்திரை கொடுப்பார்கள். நோய் இருக்கிறவர்களுக்கு மட்டும் இல்லை, எல்லாருக்கும். கைக்குழந்தை, கர்ப்பிணி, ரொம்ப முடியாதவர்களை விட்டுவிட்டு, ஊரே போட வேண்டும். எங்கள் தெருவுக்குக் கொடுப்பது டீச்சரம்மா வேலை. சாப்பிட்டபிறகு, கொடுப்பவர் கண்முன்னாலேயே முழுங்க வேண்டும் என்பது சட்டம். முழுங்கினால் விரலில் மை வைப்பார்.

முதல் வருஷம் அவர் சட்டப்படிதான் செய்தார். வீடு வீடாக நின்று, தண்ணீர் கொடுத்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். எங்கள் தெருவில் நிச்சயம் ஆகியிருந்த ஒரு பையனும் முழுங்கினான். சாயங்காலம் அவனுக்குக் காய்ச்சல் தூக்கிப்போட்டது, தலை சுற்றியது. மறுநாள் சரியாகிவிட்டது. ஆனால் அதற்குள் தெரு கண்டுபிடித்துவிட்டது. யாருக்கு உடம்பில் புழு இருக்கிறதோ அவர்களுக்குத்தான் மாத்திரை காய்ச்சலைக் கொடுக்கும், அவன் ரத்தத்தில் யானைக்கால் இருக்கிறது என்று. பேச்சு பெண் வீட்டுக்குப் போனது. நிச்சயம் நின்றது. அந்தப் பையன் திருப்பூருக்குப் போனவன், பொங்கலுக்குக்கூட வருவதில்லை.

தெரு சொன்னது பாதி சரி. உள்ளே புழு சாகும்போது சிலருக்குக் காய்ச்சல் வரும், அது மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். அவனுக்கு நல்லது நடந்திருக்கிறது. அதைச் சொல்ல வேண்டியவர் டீச்சரம்மா. சொல்லவில்லை.

அடுத்த வருஷத்திலிருந்து அவர் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். மாத்திரையைக் கையில் கொடுப்பார். விரலில் மை வைப்பார். முழுங்கச் சொல்லமாட்டார். கல்யாண வயசில் பிள்ளைகள் இருக்கிற வீடென்றால் இன்னும் கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "போடறதும் போடாததும் ஒங்க இஷ்டம். காய்ச்சல் கீய்ச்சல் வந்தா நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. நமக்குள்ளயே இருக்கட்டும்" என்பார்.

எங்கள் வீட்டில் ரெண்டு பெண்கள். அம்மா மாத்திரைகளை வாங்கி முருங்கை மரத்தடியில் போட்டு மண்ணைத் தள்ளிவிடுவார். மை வைத்த விரலோடு நானும் பிரியாவும் பள்ளிக்கூடம் போவோம். ஊரே இப்படித்தான். விரலைப் பார்த்தால் எல்லாரும் முழுங்கியவர்கள். மேலே இருந்து வந்தவர்கள் டீச்சரம்மாவைப் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

எங்கள் வீடுகளுக்குப் பின்னால் ஒரு வாய்க்கால். எப்போதோ வயலுக்குத் தண்ணீர் போனது. பிறகு ரோடு போட்டவர்கள் அடைத்துவிட்டார்கள். செப்டிக் டேங்க் கட்டியவர்கள் வழிகிற தண்ணீரை அதில் விட்டார்கள். கறுப்பாகத் தேங்கி நிற்கும். சாயங்காலம் அந்தப் பக்கம் வாயைத் திறந்து பேச முடியாது, கொசு உள்ளே போய்விடும். இந்த நோயைப் பரப்புகிற கொசுவுக்கு அந்த மாதிரி அழுக்குத் தண்ணீர்தான் வேண்டும். ஒருமுறை சுகாதாரத் துறையிலிருந்து ஆள் வந்து, "இந்தத் தெருவுல கால் வீங்கினவங்க யாராவது இருக்காங்களாம்மா?" என்று டீச்சரம்மாவிடம் கேட்டார். பக்கத்தில் நான் நின்றேன்.

"அதெல்லாம் யாரும் இல்ல சார்" என்றார்.

மூலை வீட்டு மாமா வேட்டியைத் தரையைத் தொடுகிற மாதிரித்தான் கட்டுவார், எதற்கென்று தெருவுக்கே தெரியும். வண்ணான் துறைக்குப் பக்கத்து வீட்டு அம்மா பந்தியில் உட்காரவே மாட்டார், நின்றபடி பரிமாறிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவார். அவர்களைக் காட்டிக்கொடுக்க டீச்சரம்மாவுக்கு மனசு வரவில்லை. வந்தவர் அடுத்த தெருவுக்குப் போனார். அங்கே கொசு மருந்து அடித்தார்கள், வாய்க்காலைத் தூர்வாரினார்கள், செப்டிக் டேங்க் குழாய்க்கு வலை கட்டினார்கள். எங்கள் வாய்க்கால் அப்படியே கிடந்தது. நோயாளி இல்லாத தெருவுக்கு யார் வந்து தூர்வாருவார்கள்?

நான் கல்யாணமாகிக் கடலூர் செம்மண்டலத்துக்கு வந்துவிட்டேன். அப்பா இல்லை. அம்மா நடவு, களையெடுப்பு என்று போய்க்கொண்டிருந்தார். பிரியா பி.காம். முடித்துவிட்டுச் சிதம்பரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். நாள் முழுக்க நிற்கிற வேலை. லீவு நாளில் அம்மாவோடு வயலுக்கும் போவாள். சேற்றில் நின்று விரல் இடுக்கில் சேற்றுப்புண் வரும். எங்கள் ஊரில் யாருக்குத்தான் வராது? ஒருநாள் குளிர் காய்ச்சல் வந்து தொடை இடுக்கில் நெறி கட்டியது. கால் சிவந்தது. ரெண்டு மூன்று நாளில் போய்விட்டது. பிறகு மறுபடியும் வந்தது. ஒவ்வொரு தடவை போகும்போதும் பாதத்தில் கொஞ்சம் வீக்கத்தை விட்டுவிட்டுப் போனது. இடது கால் செருப்பு நுழையவில்லை. நின்று வேலை பார்ப்பதால் என்று அம்மா நினைத்தார். போனில் எனக்கும் அப்படித்தான் சொன்னார்.

டீச்சரம்மாவுக்கு மட்டும் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. அப்போது பிரியாவுக்கு விருத்தாசலம் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"மொதல்ல கல்யாணம் முடியட்டும். அப்பறம் ஆஸ்பத்திரி போய்க்கலாம். இப்ப போனா அங்க பத்து பேரு பாப்பான். நமக்குள்ளயே இருக்கட்டும்" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

பெண் பார்க்க வந்த அன்று நான் போயிருந்தேன். பிரியா காபித் தட்டோடு நடந்து வரவில்லை. ஏற்கெனவே பாயில் காலை மடக்கி உட்காரவைத்திருந்தார்கள். "எங்க பக்கத்து வழக்கம் இதான்" என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் டீச்சரம்மா கூசாமல் சொன்னார். அப்படி ஒரு வழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை. புடவை ரொம்பக் கீழே இறங்கியிருந்தது. எனக்கு ஏதோ உறுத்தியது. கேட்டதற்கு அம்மா, "சுளுக்குடி" என்றார். மாப்பிள்ளை வீட்டில் பிடித்துப்போயிற்று.

அதற்கப்புறம் ஒருநாள் காலையில் பிரியாவே எனக்குப் போன் செய்தாள். பல் அடித்துக்கொள்கிற சத்தம் எனக்குக் கேட்டது.

"அக்கா, நீ வாயேன்."

"இன்னாடி ஆச்சு?"

"காலுக்கா. கீறி வுட்டாங்க."

பஸ் பிடித்து வந்து பார்த்தேன். தழை அரைத்து அப்பி, அதன்மேல் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தது. கட்டை அவிழ்த்தபோது நாற்றம் அடித்தது. முழங்காலுக்குக் கீழே பிளேடால் வரிவரியாகக் கீறியிருந்தார்கள். வெள்ளாற்றுக்கு அக்கரையில் ஒருவன் இருக்கிறானாம், கெட்ட நீரை இறக்கிவிடுவானாம், வெளியே சொல்லமாட்டானாம். அந்தக் கடைசித் தகுதிக்காகத்தான் டீச்சரம்மா அவனிடம் அழைத்துப் போயிருக்கிறார். கீறின இடமெல்லாம் சீழ் கோத்திருந்தது. காலைத் தொட்டால் கொதித்தது. பிரியா கண்ணைத் திறக்கவில்லை.

"ஆட்டோ சொல்றேன். சிதம்பரம் போறோம்" என்றேன்.

அம்மா எழுந்து நின்றார், உட்கார்ந்தார். "டீச்சரம்மாவ ஒரு வார்த்த கேட்டுட்டு..."

கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை. தோட்டத்துப் பக்கமாக அவரே வந்துவிட்டார்.

"பெரியவளே, சத்தம் போடாத. ஆட்டோவ வாசலுக்குக் கூப்புடாத. மாப்ள வூட்டு சித்தப்பன் புவனகிரி பஸ் ஸ்டாண்டுல கட வெச்சிருக்கான். அத்த தாண்டி போவும்போது பாத்துடுவான். பொழுது சாயட்டும். வாய்க்கா பக்கமா இட்டுக்கினு போயி நானே ஏத்தி வுடறேன்."

"பொழுது சாயற வரிக்கும் இவ தாங்குவாளா? ஒடம்ப தொட்டுப் பாருங்க."

"நான் பாக்காததா? ஈரத்துணி போடுவோம். கொஞ்சம் பொறு. ஒன் தங்கச்சி வாழ்க்கடி."

"காலு போச்சுன்னா வாழ்க்க எங்க டீச்சரம்மா இருக்கு?"

"கத்தாத. எதுத்த வூட்ல கேக்கும்."

"கேக்கட்டும்! நல்லா கேக்கட்டும்!"

நான் கத்தியதில் தெருவில் ரெண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். டீச்சரம்மா ஓடிப்போய் வாசல் கதவைச் சாத்தினார். சாத்திவிட்டு அதில் முதுகைச் சாய்த்து நின்றார். கையைக் கூப்பினார். அவர் கண்ணில் தண்ணீர். நான் அவரைத் தள்ளப் போனேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எங்கள் மூன்று பேருக்கும் நடுவில் பிரியா கட்டிலில் நடுங்கிக்கொண்டு கிடந்தாள்.

பிரியாதான் முடிவு செய்தாள். எழுந்து உட்காரப் பார்த்தாள், முடியவில்லை.

"டீச்சரம்மா, கதவ தொறங்க. என்னால வாய்க்கா வரிக்கும் நடக்க முடியாது."

அவர் கதவைத் திறந்தார்.

ஆட்டோவில் அவரும் ஏறிக்கொண்டார். யாரும் கூப்பிடவில்லை. ரெண்டு பக்கமும் மழைத் திரையை இழுத்து விட்டார். வெயில் கொளுத்துகிறது, ஆட்டோக்காரர் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார். சிதம்பரம் வரை பிரியாவின் தலை அவர் மடியில்தான் இருந்தது. வேர்வையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "ஒண்ணுமில்லடி, ஒண்ணுமில்லடி." எனக்கு அவரை அடிக்கலாம்போலவும் இருந்தது, அவர் தோளில் சாய்ந்து அழலாம்போலவும் இருந்தது.

ஆஸ்பத்திரியில் சீட்டு போடுகிறவர், "இன்னாம்மா ஒடம்புக்கு?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் டீச்சரம்மா சொன்னார்:

"வழுக்கி வுழுந்துட்டா சார்."

இவ்வளவு தூரம் வந்தபிறகும்! காய்ச்சலில் தங்கை கொதிக்கும்போதும்! "யானக்கால் சார்! பிளேடு வெச்சு கீறியிருக்காங்க, சீழ் புடிச்சிருக்கு!" என்று அந்தக் கூட்டம் முழுக்கக் கேட்கக் கத்தினேன். வரிசையில் இருந்தவர்கள் திரும்பினார்கள். டீச்சரம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

டாக்டர் ஒரு பெண். சின்ன வயசு. காலைப் பார்த்தவுடன் ஊசிக்குச் சொன்னார், பெட் போடச் சொன்னார். பிறகுதான் எங்களிடம் பேசினார்.

"யாரு கீறினது?"

அம்மா டீச்சரம்மாவைப் பார்த்தார்.

"சரி. வருஷா வருஷம் மாத்திரை குடுத்தாங்களே, போட்டீங்களா?"

"எல்லாரும் போட்டாங்க டாக்டர். நாந்தான் குடுத்தேன். வெரல்ல மை வெச்சேன்" என்றார் டீச்சரம்மா.

அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்தக் காலத்திலும் டீச்சரம்மா பேச்சுக்கு மறுபேச்சு பேசாதவர். தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "இல்லம்மா. போடல. எங்க தெருவுல பாதி பேரு போடல."

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். மெதுவாகத்தான் சொன்னார். ஒருத்தர் ரத்தத்தில் இருக்கிற புழுக்குஞ்சைக் கொசு உறிஞ்சி இன்னொருத்தருக்குக் கொண்டு போகிறது. கொடுத்தவருக்கு ஒன்றும் தெரியாது, கால் நன்றாகவே இருக்கும். வாங்கியவருக்கும் பல வருஷம் தெரியாது. சின்ன வயசில் ஏறினது வளர்ந்த பிறகு வீங்கும். மாத்திரை அந்தக் குஞ்சுகளைக் கொல்வதற்குத்தான். வீங்கின பிறகு புண் வழியாகவும் விரல் இடுக்கு வழியாகவும் கிருமி ஏறினால் காய்ச்சல் வரும். ஒவ்வொரு காய்ச்சலுக்கும் கால் கொஞ்சம் பெருக்கும். "இது பரம்பரை வியாதி இல்லம்மா. பாவமும் இல்ல" என்றார்.

எனக்கு ஒன்றுதான் மண்டையில் ஓடியது. எங்கள் தெருவில் மண்ணில் போட்ட ஒவ்வொரு மாத்திரையும் பக்கத்து வீட்டுக் காலைப் பாதிக்கிற விஷயம். எங்கள் முருங்கை மரத்தடியும் அதில் சேர்த்தி. ரகசியம் என்று நாங்கள் நினைத்ததெல்லாம் கொசுவுக்கு ரகசியம் இல்லை. அது எல்லா வீட்டுக்கும் போய்வந்தது.

வராந்தாவில் டீச்சரம்மா சுவரோரம் உட்கார்ந்திருந்தார். நான் போய் எதிரே நின்றேன்.

"ஏன் டீச்சரம்மா? மை வெச்சீங்களே, ஒரு வாய் தண்ணி குடுத்து முழுங்குன்னு சொல்லியிருந்தா இன்னா?"

முந்தானையை இழுத்துச் சரிசெய்தார். பிறகு சொன்னார்: "சொன்னேனே. அந்தப் பையனுக்கு நாந்தானே வாயில போட்டு தண்ணி குடுத்தேன். அவன் அம்மா இன்னிக்கும் எம் மூஞ்சியப் பாக்கறதில்ல. அதுக்கப்பறம் எனக்கு வாய் வரல."

"அவன் ஒருத்தன் கல்யாணம் நின்னுச்சின்னு எத்தன பேரு கால வாங்கிட்டீங்க!"

இப்படித்தான் கேட்டேன். ஆஸ்பத்திரி என்றும் பார்க்கவில்லை. அவர் எழுந்துகொண்டார். அன்று பஸ்ஸில் தனியாக ஊருக்குப் போனார்.

காய்ச்சல் இறங்க நாளாயிற்று. வீக்கம் ஆரம்பத்தில்தான் இருக்கிறது என்றார் டாக்டர். ராத்திரியில் காலைத் தூக்கிவைத்துப் படுத்தால் காலையில் வடிகிறது, அது நல்ல அறிகுறி. இனிமேல் காய்ச்சல் வராமல் பார்த்துக்கொண்டால் இந்த அளவோடு நிற்கும், குறையவும் குறையும். அடிக்கடி வந்தால் அப்புறம் வடியாது. ஆக எல்லாம் அந்தக் கால் எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்பதில்தான் இருக்கிறது. தினமும் கழுவ வேண்டும். நல்ல வெளிச்சத்தில் ஒவ்வொரு விரல் இடுக்காகப் பார்க்க வேண்டும். வெடிப்பு இருந்தால் களிம்பு போட வேண்டும். செருப்பில்லாமல் நடக்கக்கூடாது, சேற்றில் இறங்கக்கூடாது. நர்ஸ் ஒருவர் உட்காரவைத்துச் செய்துகாட்டினார்.

மாப்பிள்ளைக்குப் பிரியாவே போன் செய்து சொன்னாள். அவன் "அம்மாகிட்ட கேட்டுட்டு சொல்றேன்" என்றான். அந்தச் சம்பந்தம் நின்றுவிட்டது. டீச்சரம்மா சொன்னபடியே ஆயிற்று. அந்த ஒரு விஷயத்தில் அவர் பயந்தது தப்பில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும். அவர் பயந்தது எல்லாமே நிஜம். அதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

அதற்குப் பிறகு நான் அவரோடு பேசுவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் வீட்டுக்குள் இருட்டு. டியூப்லைட் போட்டாலும் விரல் இடுக்கு தெரியாது. தோட்டத்துப் பக்கம் அந்த வாய்க்கால். அதனால் பிரியா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள், காலை வெயிலில். முன்னால் பிளாஸ்டிக் டப், பக்கத்தில் சோப்பு, ஒரு மக், மெல்லிய துண்டு. பாவாடையை முழங்கால் வரை தூக்கிக்கொண்டு காலை டப்பில் வைத்தாள். கீறின தழும்புகள் வரிவரியாகத் தெரிந்தன. வேலைக்குப் போகிற பெண்கள் பார்த்துக்கொண்டே போனார்கள். ஒருத்தி நின்று பார்த்துவிட்டுப் போனாள். பிரியா யாரையும் பார்க்கவில்லை. விரலைப் பிரித்துப் பிரித்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

டீச்சரம்மா தெரு வழியாக வேகமாக வந்தார். கையில் ஒரு புடவை. எங்கள் வாசலுக்கு வந்ததும் அதைப் பிரித்து, ரெண்டு கையாலும் உயர்த்தி, பிரியாவுக்கும் தெருவுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சு வாங்கியது.

பிரியா நிமிர்ந்தாள். "டீச்சரம்மா, தள்ளுங்க. வெளிச்சம் மறைக்குது."

"நாலு பேரு போறாங்கடி."

"போவட்டும். எனக்கு வெரலு தெரியல."

தெருவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கையை இறக்கினார். புடவையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டார். போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. டப்புக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். பிரியா காலைத் தூக்கித் துண்டால் ஒற்றி எடுப்பதை, ஒவ்வொரு இடுக்காகத் துடைப்பதை, பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தண்ணி, சுடு தண்ணியா, பச்சத் தண்ணியா?" என்று கேட்டார். யாருக்கும் கேட்காத அதே குரல்.

"ஏன், ஒங்களுக்கா?"

"எனக்கில்ல."

"அப்ப யாருக்கு?"

அவர் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார். எந்த வீட்டுப் பக்கமும் அவர் கண் போகவில்லை, அவ்வளவு ஜாக்கிரதை.

பிரியா அவரையே பார்த்தாள். மறுபடி கேட்கவில்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, தெருவைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள்.

"பச்சத் தண்ணிதான் டீச்சரம்மா! சோப்பு போட்டு மெதுவா கழுவணும், பிரஷ்ஷு போடக்கூடாது! வெரலு இடுக்குல ஈரம் நிக்கக்கூடாது, நல்லா ஒத்தி எடுக்கணும்! வெடிப்பு இருந்தா களிம்பு, ஆஸ்பத்திரில சும்மாவே குடுக்கறாங்க! பிளேடு மட்டும் வெக்கக்கூடாது, எவன் கிட்ட போனாலும் வெக்கக்கூடாது!"

டீச்சரம்மாவின் கை, "மெதுவா, மெதுவா" என்று சொல்வதற்காகப் பாதி வரை உயர்ந்தது. அங்கேயே நின்றது.

எதிர் வரிசையில் ஒரு வீட்டில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றது.